சுவிட்ச் பக்கத்தில் நிற்பவர்

ஜனவரி 9

அன்புள்ள மருமகளுக்கு மாமா எழுதுவது,

நான் நலம். நீ நலமாக இருக்க வேண்டும் என்றுதான் காலையில் கண் விழித்ததும் நினைத்துக்கொள்கிறேன். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. காதுதான் போன மாதத்தைவிட மோசம். பஸ் டிப்போவில் காலமெல்லாம் எஞ்சினுக்குள் தலையை விட்டதற்குக் கிடைத்த பரிசு. நீ போன் செய்யும்போது நான் "ஆங், ஆங்" என்பதை வைத்து எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்காதே. கடிதமே போடு.

ஒரு விஷயம். என் மகன் உன்னைவிட்டுப் போன அன்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போன சாமான்களை இங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறான். சாமான் மட்டும்தான். "அந்தப் பொண்ணோட அவன் வந்து நின்னா என் வீட்டுக் கதவு திறக்காது" என்று போன வருஷம் உன் எதிரே உட்கார்ந்து சொன்னேனே, அந்தச் சொல்லில் மாற்றமில்லை.

கம்பளிப் பெட்டியைத் திறந்தால் அடியில் உன் ஆசிலாஸ்கோப், மின்சார அலையைத் திரையில் கோடாகக் காட்டுமே அந்த மெஷின். ரேடியோக் கடைக்காரர் கடையை மூடும்போது நீ முதல் சம்பளத்தில் வாங்கியதாயிற்றே. "யாரும் தொடாதீர்கள்" என்று நீ எழுதி ஒட்டிய சீட்டுகூட அப்படியே இருக்கிறது. நீ வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அவசரமாக ஏற்றியிருப்பான். இந்தக் கனத்துக்குக் கம்பளி எங்கே இருக்கிறது என்றுகூட யோசிக்கவில்லை பார்.

பிளக்கைச் செருகிப் பார்த்தேன். பட்டென்று ஒரு சத்தம், எனக்கே கேட்டது. அப்புறம் மூச்சு பேச்சில்லை.

அதை ஓடவைத்துத்தான் உனக்கு அனுப்புவேன். எஞ்சின் பிரித்த கை இது. என்ன செய்ய வேண்டும் என்று நீ எழுது, நான் செய்கிறேன். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் நலம் கேட்டுக் காத்திருக்கும்,
மாமா

*

ஜனவரி 22

மாமாவுக்கு வணக்கம்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா? இங்கே எல்லாரும் நலம். பழக்கத்தில் எல்லாரும் என்று எழுதிவிட்டேன். நான் நலம்.

வேலையும் பழையதுதான். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய், இதயத் துடிப்புக் காட்டும் மெஷினெல்லாம் ஏன் துடிக்கவில்லை என்று பார்ப்பது. அந்த ஸ்கோப் காணாமல் போனதிலிருந்து வீட்டில் எதையும் பிரிப்பதில்லை.

நீங்கள் ஆசையாகக் கேட்பதால் எழுதுகிறேன். இது எஞ்சின் இல்லை, மாமா. எஞ்சின் கோபம் வந்தால் புகைவிட்டுச் சொல்லும். இது சொல்லாமல் அடிக்கும்.

முதலில் பின்னாலிருக்கும் பியூஸை மாற்றுங்கள். உடனே நேரடியாகக் கரண்டு கொடுக்காதீர்கள். வரும் ஒயரில் ஒன்றை வெட்டி, நடுவில் நூறு வாட் பல்பு ஒன்றைச் சேருங்கள். போட்டவுடன் பல்பு எரிந்து மெல்ல மங்கினால் நல்லது. மங்காமல் எரிந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். அப்படியானால் உள்ளே அலுமினிய டப்பா மாதிரி நிற்கும் கெபாசிட்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டுப் பாருங்கள். எதைக் கழற்றும்போது பல்பு மங்குகிறதோ அதுதான் குற்றவாளி. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவற்றில் கரண்டு தங்கும். உறையில் ஒரு ரெசிஸ்டர் வைத்திருக்கிறேன். தொடுவதற்கு முன் அதைக் கொண்டு இரண்டு முனையையும் இணைத்துக் காலி செய்துவிடுங்கள்.

சமையல் எப்படி நடக்கிறது? தனியாக இருக்கிறோம் என்று ரொட்டியும் டீயுமாகப் பொழுதை ஓட்டாதீர்கள்.

அன்புடன்,
மருமகள்

*

பிப்ரவரி 8

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் வந்த அன்று ஒத்தடமும் கொடுத்தேன், பல்பும் மாட்டினேன். இரண்டில் பல்புதான் வேலை செய்தது. முகத்தில் அடிக்கிற மாதிரி எரிந்தது. மங்கவே இல்லை.

நீ சொன்னபடி ஒவ்வொன்றாகக் கழற்றினேன். மூன்றாவது டப்பாவைக் கழற்றியதும் பல்பு தலையைக் குனிந்துகொண்டது. பார்த்தால் டப்பாவின் அடியில் பசை மாதிரி ஏதோ கசிந்து காய்ந்திருக்கிறது. டிப்போவில் இப்படிக் கசிந்தால் அடியில் ஒரு தட்டை வைத்துவிட்டு வண்டியை அனுப்பிவிடுவோம். உன் தொழிலில் அது செல்லாது போலிருக்கிறது.

டப்பாமேல் இருந்தது எறும்பு எழுத்து. என் கண்ணாடிக்கு அகப்படவில்லை. படிக்கச் சொல்லிக் கேட்டதில் நாற்பது மைக்ரோ, நானூற்றைம்பது வோல்ட் என்று வந்தது. சரிதானா?

சமையலைப் பற்றிக் கேட்டிருந்தாய். இப்போதெல்லாம் உப்பு சரியாக இருக்கிறது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலையாதே.

மாமா

*

பிப்ரவரி 19

மாமாவுக்கு வணக்கம்.

நலம். உங்கள் நலமும் கடிதத்தில் தெரிந்தது. உப்பு சரியாக இருப்பது குறித்து மகிழ்ச்சி.

புது கெபாசிட்டரைத் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பழையதில் பாதி அளவுதான் இருக்கும், ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். கூட்டல் குறி உள்ள முனை சிவப்பு ஒயருக்கு. மாற்றிப் போட்டால் வெடிக்கும்.

ஈயத்தால் பற்றவைத்த பிறகு மறுபடியும் பல்போடு போட்டுப் பாருங்கள். பல்பு மங்கினால் அதை எடுத்துவிட்டு நேரடியாகக் கொடுக்கலாம். உள்ளே, பழைய ரேடியோவில் போல, கண்ணாடி வால்வுகள் ஒவ்வொன்றாகச் செம்மஞ்சளாகக் கண் திறக்கும். திரையில் ஒரு பச்சைக் கோடு வர வேண்டும்.

இனிமேல் ஒரு கட்டளை. மூடி திறந்திருக்க, கரண்டு ஓட, நீங்கள் தனியாக உட்காரக் கூடாது. சுவிட்ச் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். வேறு வேலை பார்த்துக்கொண்டு இல்லை, உங்களைப் பார்த்துக்கொண்டு.

மருமகள்

*

மார்ச் 11

அன்புள்ள மருமகளுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதிவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். கண் திறந்துவிட்டது! நீ எழுதிய அதே நிறம். மேசைமேல் யாரோ ஒரு சின்ன ஊரை வைத்து விளக்கேற்றின மாதிரி. விளக்கெல்லாம் எரிகிறது, திரை மட்டும் கன்னங்கரேல். வெளிச்சக் குமிழைத் திருகினேன். கோட்டை மேலும் கீழும் தள்ளும் குமிழையும் திருகினேன். திருகாத குமிழ் இல்லை. ஒரு குமிழ் கையோடு வந்துவிட்டது, அதை ஒட்டிவிட்டேன், நீ கவனிக்கமாட்டாய்.

அடுத்து என்ன?

சுவிட்ச் பக்கத்தில் ஆள் நிற்கிறது. அதைப் பற்றிக் கவலைப்படாதே.

மாமா

*

மார்ச் 20

மாமாவுக்கு வணக்கம்.

நான் நலமாக இருக்கிறேன்.

ஆள் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கத்து வீட்டு ஆசிரியர் பகலில் பள்ளிக்கூடத்தில் இருப்பார். கீழ்வீட்டு அம்மாவுக்கு மிக்ஸியைப் போடவே பயம். எந்த ஆள், மாமா?

நான் காரணமாகத்தான் கேட்கிறேன். இனி நீங்கள் கரண்டு ஓடும்போதே அளக்க வேண்டும். உள்ளே மூன்று இடங்களில் பட்டைமேல் எண் எழுதியிருக்கும்: நூறு, இருநூற்றிருபத்தைந்து, முந்நூற்றைம்பது. இத்துடன் நான் அனுப்பும் மீட்டரின் கறுப்பு ஊசியை உலோகச் சட்டத்தில் கிளிப் போட்டு மாட்டிவிடுங்கள். சிவப்பு ஊசி வலக்கையில். இடக்கை சட்டைப் பையில், இரண்டு கையும் பட்டால் கரண்டு நெஞ்சு வழியாகப் போகும். எது நடந்தாலும் அந்தக் கை பையைவிட்டு வெளியே வரக் கூடாது.

கீழே எழுதியிருப்பதைச் சுவிட்ச் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

"சுவிட்ச் பக்கத்தில் நிற்பவருக்கு: இவருக்குக் காது கேட்காது. அதனால் கத்தி நேரத்தை வீணாக்க வேண்டாம். இவர் கையை எடுக்க முடியாமல் விறைத்தால் இவரைத் தொட வேண்டாம், தொட்டால் உங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்குங்கள். அப்புறம் தரையில் படுக்கவைத்து மூச்சைப் பாருங்கள். இவர் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார். நம்பாமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்."

மருமகள்

*

மே 4

மாமாவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? நான் எழுதி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பதில் இல்லை. போனை யாரோ எடுத்தார்கள், பேசாமல் வைத்துவிட்டார்கள்.

ஸ்கோப்பை அப்படியே விட்டுவிடுங்கள். எனக்கு அது வேண்டாம். ஒரு வரி போதும், நலம் என்று.

மருமகள்

*

மே 19

அம்மாடி,

இரண்டு கடிதமும் கிடைத்தன. உடம்புக்கு இப்போது ஒன்றுமில்லை. இப்போது என்று எழுதினாலே முன்பு ஏதோ இருந்தது என்று நீ கண்டுபிடித்துவிடுவாய்.

முதல் இரண்டு இடத்திலும் சரியாகக் காட்டியது. முந்நூற்றைம்பதில் ஊசியை வைக்கும்போது சட்டம் ஆடியது. எஞ்சின் ஆடினால் பிடித்துக்கொள்கிற கை, பையிலிருந்து தானாக வெளியே வந்து சட்டத்தைப் பிடித்துவிட்டது. வலக்கை விரலும் ஊசியிலிருந்து வழுக்கியது. அதற்குமேல் என் உடம்பு என்னுடையதாக இல்லை. பல் கிட்டிக்கொண்டது. விட வேண்டும் என்று தெரிகிறது, விடத்தான் முடியவில்லை.

பிறகு தரையில் கிடந்தேன். பிளக் பிடுங்கப்பட்டிருந்தது. எந்த ஆள் என்று கேட்டாயே, பிடுங்கியது அவனோடு போன அந்தப் பெண்தான்.

நான் உனக்கு முதல் கடிதம் எழுதியபோதே அவர்கள் இரண்டு பேரும் அடுத்த அறையில் இருந்தார்கள். டிசம்பரில் வந்தார்கள். நல்ல மழை. கதவைத் தட்டியது எனக்குக் கேட்கவில்லை. ஜன்னலை மூடப் போனபோது பார்த்தேன், படியில் நனைந்துகொண்டு நிற்கிறார்கள். கதவு திறக்காது என்று சொன்னவன்தான் திறந்தேன். துண்டும் எடுத்துக் கொடுத்தேன். ஒரு வாரம் இருக்கட்டும் என்று நினைத்தேன். வாரம் முடிந்ததும் அதை அவனிடம் சொல்ல வாய் வரவில்லை, உன்னிடம் சொல்லக் கை வரவில்லை.

மகனைச் சுவிட்ச் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். "எனக்கு இதுக்கெல்லாம் நேரமில்லப்பா" என்று போய்விட்டான். அவள்தான் வந்து நின்றாள். அதுவரை நான் அவளோடு பேசியதில்லை. தட்டை வைப்பாள், சாப்பிடுவேன், அவ்வளவுதான். உன் சீட்டை நீட்டினேன். நின்றபடியே இரண்டு முறை படித்தாள். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

தரையில் கிடந்த எனக்கு என்ன கேட்டிருக்கும்? அவள் உதட்டைத்தான் பார்த்தேன். "மாமா, மாமா" என்றாள். அதற்குமுன் அப்படிக் கூப்பிட்டதில்லை. பிறகு காதுக்குள் வந்து சொன்னாள்: "அவங்க எழுதினபடியே செஞ்சேன் மாமா. கத்தல. தொடல. புடுங்கிட்டேன்." சொல்லிவிட்டு மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஒண்ணுமில்லம்மா" என்றேன். அம்மா என்று வாயில் வந்துவிட்டது. நீ எழுதியிருந்தபடியே நம்பாமல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு விரலில் கொப்புளம், அவ்வளவுதான்.

இதைக்கூட அப்போதே எழுதியிருப்பேன். எழுத முடியாமல் செய்தது வேறு. ஒரு சாயங்காலம் கடைக்குப் போய்த் திரும்பும்போது தெருமுனையிலிருந்து பார்த்தேன், என் வீட்டு ஜன்னலில் விளக்கு எரிகிறது. உன் மாமியார் போனதிலிருந்து இருட்டு வீட்டுக்குள் தடவித் தடவிப் போய் நானேதான் போட்டுக்கொண்டிருந்தேன். அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அம்மாடி. உன்னை நினைத்துப் பார்த்தேன். அப்புறமும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இப்படி ஒரு மனுஷன் உனக்கு என்ன என்று எழுதுவான்?

நீ திட்டி எழுது. எழுதாமல் இருந்துவிடாதே.

மாமா

*

ஜூன் 6

மாமாவுக்கு வணக்கம்.

விரல் ஆறிவிட்டதா? கொப்புளத்தை உடைக்காமல் விட்டீர்களா?

உங்கள் கடிதத்தை ஆஸ்பத்திரி ஒன்றின் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். திட்டி எழுதத்தான் காகிதத்தை எடுத்தேன். இரண்டு பக்கம் எழுதினேன், நன்றாகவே வந்தது. பிறகு கிழித்துவிட்டேன். காரணம் இருக்கிறது.

எறும்பு எழுத்தை யாரோ படித்துச் சொன்னார்கள் என்றபோதே சந்தேகப்பட்டேன். உப்பைப் படித்ததும் தெரிந்துவிட்டது. நீங்கள் தொட்ட எதிலும் உப்பு சரியாக இருந்ததில்லை. ஸ்கோப்பைப் பார்சலில் போடுங்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தால் என் மேசையில் அது அரை மணி நேர வேலை. எழுதவில்லை. எழுதினால் உங்கள் கடிதம் நின்றுவிடும். கடிதம் நின்றால் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாமல் போய்விடும். மூன்று மாதமாக உங்கள் எழுத்துக்கு நடுவில் அவர் சட்டை நுனி தெரிகிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன். என்னைவிட்டுப் போன மனிதரை.

இன்னும் இருக்கிறது. வால்வெல்லாம் எரிந்து திரை மட்டும் கறுப்பாக இருக்கிறது என்று எழுதினீர்களே, பழைய ஸ்கோப்பில் அதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். திரைக்கு உயர் வோல்ட்டேஜ் தரும் சின்ன வால்வு ஒன்று பின்னால் தனிக் கூண்டுக்குள் இருக்கும். வண்டியில் குலுங்கினால் அது சாக்கெட்டிலிருந்து எழும்பிக்கொள்ளும். எனக்கு அன்றைக்கே தெரியும். முதலில் அதைப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல், அளக்கவே தேவையில்லாத மூன்று இடத்தில் உங்கள் கையை வைக்கச் சொன்னேன். அளந்தால் சுவிட்ச் பக்கத்தில் ஒருவர் நின்றாக வேண்டும், யார் என்று நீங்கள் எழுதியாக வேண்டும். அவர்களை உங்கள் வாயால் சொல்லவைக்க வேண்டும் என்பதற்காக, காது கேட்காத, வயசான மனிதரை முந்நூற்றைம்பது வோல்ட்டில் கொண்டுபோய் நிறுத்தினேன். ஆஸ்பத்திரிக்கு மெஷின் பார்த்துக் கொடுப்பவள் செய்கிற வேலையா இது?

நான் எழுதியதை அவள் படித்து, அப்படியே செய்தாள். அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தெரிகிறது. இன்னும் வரவில்லை. அவள் உங்களை மாமா என்று கூப்பிடுவதற்கு என்னிடம் யாரும் அனுமதி கேட்க வேண்டாம். ஆனால் அதை எனக்கு எழுதிக் காட்டாதீர்கள், கொஞ்ச நாளைக்கு.

பிளக்கைப் பிடுங்கி ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு அந்தச் சின்ன வால்வை நேராக மேலே இழுத்து, கால்களைத் துடைத்து, அழுத்திப் போடுங்கள். மூடியைப் பூட்டியபிறகுதான் கரண்டு.

மருமகள்

*

ஜூலை 2

அன்புள்ள மருமகளுக்கு,

விரல் ஆறிவிட்டது. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

நீ எழுதியதைப் படித்து உன்மேல் கோபப்பட முயற்சி செய்தேன். ஒரு பகல் முழுக்க முயன்றேன். வரவில்லை. நான் நேராக எழுதியிருந்தால் நீ ஏன் சுற்றி வந்திருக்கப் போகிறாய்?

வால்வு எழும்பித்தான் இருந்தது, ஒரு பக்கம் சாய்ந்த பல் மாதிரி. துடைத்துப் போட்டு, மூடியைப் பூட்டி, சுவிட்சைப் போட்டேன். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, அப்புறம் திரையின் நடுவில் பச்சையாக ஒரு புகை மாதிரி வந்து, அது இறுகிக் கோடாயிற்று. நேர்க்கோடு. எழுபது வயதில் ஒரு கோட்டைப் பார்த்துக் கை தட்டினேன்.

சத்தம் கேட்டு அவன் வந்து பார்த்தான். "ஓ, ஓடுதா?" என்றான். திரும்பப் போனவனைத் தோளைப் பிடித்து உட்காரவைத்தேன். "இது அவளோடது. பார்சல்ல போகப்போகுது. கூட ரெண்டு வரி எழுதி வை" என்றேன். "என்னப்பா எழுதறது?" என்றான். "செஞ்சது தப்புன்னு தெரிஞ்சா அதை எழுது. தெரியலைன்னா தெரியலன்னு எழுது." காகிதத்தை முன்னால் வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். பொழுது சாய வந்து பார்த்தால் பேனாவைப் பிடித்தபடியே உட்கார்ந்திருக்கிறான். ஓர் எழுத்து இல்லை. "முடியலப்பா" என்றான். அறையலாம் என்று கை ஓங்கினேன். ஜனவரியிலிருந்து நானும் இப்படித்தானே உட்கார்ந்திருந்தேன்? கையைக் கீழே போட்டேன்.

அவனை வெளியே போகச் சொல்லவில்லை. சொல்லுவேன் என்று உனக்கு இன்னொரு பொய்யும் எழுதமாட்டேன். ஆனால் உன்னிடம் வந்து பேசாதவரை என் மேசையில் உட்கார்ந்து சாப்பிடாதே என்று சொல்லிவிட்டேன். அடுக்களையில் நின்றுகொண்டு சாப்பிடுகிறான். பார்க்கச் சகிக்கவில்லை. பார்த்துக்கொண்டுதான் சாப்பிடுகிறேன்.

ஸ்கோப் நாளை பார்சலில் வருகிறது.

மாமா

*

ஜூலை 21

மாமாவுக்கு வணக்கம்.

நான் நலம். இந்த முறை யோசித்துத்தான் எழுதுகிறேன்.

ஸ்கோப் பத்திரமாக வந்தது. நீங்கள் ஒட்டிய குமிழ் தலைகீழாக இருக்கிறது, நான் கவனித்துவிட்டேன். பற்றவைத்த இடத்தில் ஈயம் ஒரு லாரிக்கு ஆகும். மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. பிரித்து வைத்துக் கோட்டைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

உங்களிடம் மறைத்தது இன்னும் ஒன்று பாக்கி. ஆபீசில் அவர் வெளியூர் வேலையில் இருப்பதாகச் சொல்லி வைத்திருந்தேன். பதவி உயர்வுகூடக் கொடுத்துவிட்டேன். போன வாரம் டீ நேரத்தில் ஸ்டோர் அம்மா, "எப்பதான் வரார் உன் வீட்டுக்காரர்?" என்று கேட்டார். "வரமாட்டார். என்ன விட்டுட்டுப் போயிட்டார்" என்றேன். எல்லார் முன்னாலும். காது மடல் கொதித்தது. அவர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். பிறகு, "டீ ஆறுது, குடி" என்றார். அவ்வளவுதான் நடந்தது, மாமா. இதற்காகவா ஒன்றரை வருஷம் பொய் சொன்னேன் என்று இருந்தது.

அவர் வந்து பேசினால் கேட்பேன். கதவைத் திறப்பேனா என்று இப்போது சொல்ல முடியாது. நீங்கள் அவரை உட்கார்ந்தே சாப்பிடச் சொல்லுங்கள். நிற்கவைத்தால் உங்களுக்குத்தான் சாப்பாடு இறங்காது.

அவளிடம் சொல்லுங்கள், சரியாகச் செய்தாள் என்று. என் பெயரைச் சொல்லியே சொல்லலாம்.

நீங்கள் ஒரு முறை இங்கே வந்து இருந்துவிட்டுப் போங்கள். வர வெட்கமாக இருக்கிறது என்று எழுதாதீர்கள். எனக்கும் இருக்கிறது. தபாலில் அனுப்பி அனுப்பித்தான் அது இத்தனை மாதம் இழுத்திருக்கிறது. எதிரெதிரே உட்கார்ந்து வெட்கப்பட்டால் ஒரு பகலில் தீர்ந்துவிடும். மீதிப் பொழுதுக்கு ஏதாவது பேசிக்கொண்டிருக்கலாம்.

எந்த பஸ் என்று மட்டும் எழுதுங்கள். நிலையத்தில் நிற்கிறேன்.

மருமகள்